பூவாடைக்காரிக்கு பி ஷிஃப்ட்

கருமாதி முடிந்த மறுநாளிலிருந்து அமலாவுக்கு நிழல் விழவில்லை. ஒரகடத்தில் காருக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் லைன் விளக்குக்கு அடியில் நின்றபோது அவளே அதைக் கவனித்தாள். சூப்பர்வைசரும் கவனித்தார். வேலைக்கு நிழல் தேவையில்லை என்பதால் ஒன்றும் கேட்கவில்லை. கருமாதியை நடத்தியவர் அவளுடைய அப்பா, பிள்ளைப்பாக்கம் தணிகாசலம். அதே லைனில் இருந்த எபினேசரை அவள் சர்ச்சில் வைத்துக் கட்டிக்கொண்டதற்காக, உயிரோடிருந்த மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்து, ஏரிக்கரையில் தலைமுழுகி, ஊருக்கே வடை பாயசத்தோடு சோறு போட்டார். பேனருக்கு அவளுடைய கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படத்தையே கொடுத்திருந்தார். அமலா அழவில்லை. மறைமலை நகரில் வாடகைக்கு வீடு பிடித்தாள். ஊர் பார்க்கட்டும் என்று அப்பா அமாவாசைக்கு அமாவாசை காக்காய்க்கு வைத்த சோறு அவளுடைய டிபன் பாக்ஸில் வந்து சேர்ந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பங்கிட்டுத் தின்றார்கள். உப்புதான் எப்போதும் குறைவு.

சில வருடம் கழித்து அவள் தம்பி ஸ்ரீதருக்குக் கல்யாணம் கூடியது. அந்தப் பக்கத்து வழக்கப்படி, குடும்பத்தில் பூவும் பொட்டுமாகச் செத்துப்போன பெண்தான் பூவாடைக்காரி. அவளை ஏரியிலிருந்து குடத்துத் தண்ணீரில் அழைத்துவந்து, புதுப்புடவை வைத்துப் படைக்காமல் அந்த வீட்டில் கல்யாண வேலை தொடங்காது. மகளுக்குக் கருமாதி போட்ட அன்று தணிகாசலம் இதை யோசிக்கவில்லை. ஏரி ததும்பிக் கிடந்தது. எத்தனை முறை மொண்டாலும் குடம் வறண்டே வந்தது. அருள்வாக்கு சொல்லும் கிளியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னாள்: "உங்க பூவாடக்காரி தண்ணில இல்லய்யா. லைன்ல நின்னுகினு கீறா. போய் இட்டுகினு வா."

மறைமலை நகர் வீட்டு வாசலில் தணிகாசலம் செருப்பைக் கழற்றாமல் நின்றார். வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போனால் போதும் என்றார்.

"உம் பொண்ணுதான் செத்துட்டாளே நைனா," என்றாள் அமலா. "சாமியா வரேன். சாமிக்கு இன்னா மொறையோ அத்த செய்யி."

"அப்போ நான் இன்னா மாமா, பூசாரியா?" என்று உள்ளேயிருந்து கேட்டான் எபினேசர்.

கம்பெனி யூனிபார்மிலேயே வந்து, அப்பா வீட்டு வாசலில் குடம் வைக்க வேண்டிய மணையில் அமலா உட்கார்ந்தாள். படையலை அவசரமில்லாமல் தின்றாள். பங்காளிகள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முறைப்படி தணிகாசலம் அவள் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பூவாடைக்காரி விபூதி போடாமல் விழுந்தவர் எழக் கூடாது. அமலா கை கழுவினாள். புடவையை மடித்துப் பையில் வைத்தாள்.

"யக்கா, துன்னூறு போட்டு எழுப்புக்கா," என்றான் ஸ்ரீதர்.

"பேனர் வெச்சப்ப நீதானடா கயிறு கட்டுன," என்று சொல்லிவிட்டு, அவள் பி ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள்.

தணிகாசலத்தை எழுப்ப முடியவில்லை. பங்காளிகள் இழுத்தார்கள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து ஜேசிபி வந்தது. அதன் பல் வளைந்ததுதான் மிச்சம். கல்யாணம் அவர் இல்லாமல் மண்டபத்தில் நடந்தது. அப்புறம் அவருக்கு மேலே தகரக் கூரை போட்டு ஃபேன் மாட்டினார்கள். இப்போது பங்காளி வீடுகளில் குடத்தோடு யாரும் ஏரிக்குப் போவதில்லை. அமலாவுக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்று கேட்டுக்கொண்டுதான் முகூர்த்தம் குறிக்கிறார்கள். அவளும் வருகிறாள், தின்கிறாள், மற்ற எல்லோருக்கும் விபூதி போடுகிறாள். போகிற வழியில் தணிகாசலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். குப்புறக் கிடப்பவருக்கு வருவது யார் என்பது தரையில் விழும் நிழலை வைத்துத்தான் தெரியும். அவள் தாண்டிப் போவது அவருக்குத் தெரிவதில்லை.