எண்ணெயே படாத அப்பளம்

“அப்பளத்தை ஆர் தண்ணியிலை நனைக்கிறது? உனக்குத் தலை கழண்டு போச்சோ?”

“மச்சாள், இது அப்பளமில்லை. வியட்நாம்காரர் அரிசி மாவிலை செய்யிற தாள். நனைச்சு, இறாலையும் இலையையும் வைச்சுச் சுத்தினால் சரி. அடுப்பே தேவையில்லை.”

“அடுப்பு மூட்டாமல் ஒரு சாப்பாடோ?” அமலினியின் கணவனின் அக்கா அனிற்றா ஒரு தாளை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வட்டமாக, மெல்லிசாக, அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி இருந்தது. “அப்பளமேதான். பேரை மாத்தி உன்ரை தலையிலை கட்டிப்போட்டாங்கள்.”

அமலினிக்கு வாதாட நேரமில்லை. பொலிதேயாமாப் பகுதியில் இந்த இத்தாலியர் வீட்டுக்கு வேலைக்கு வந்து இன்று ஏழாம் நாள். வீட்டுக்கார அம்மாவை, எண்பத்தொரு வயதுச் சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்வதுதான் வேலை. சிஞ்ஞோராவின் மகள் முதல் நாளே சொல்லிவிட்டாள்: “அம்மாவுக்கு மருத்துவர் பொரியலை அடியோடு நிறுத்திவிட்டார். எண்ணெய் படாத அந்த வியட்நாம் சுருள் செய்வீர்களா? நீங்களும் அந்தப் பக்கம்தானே?”

மன்னாரிலிருந்து வியட்நாம் எந்தப் பக்கம் என்று அமலினிக்குத் தெரியாது. ஆனாலும் அவர்கள் பாஷையில் “சி, சி”, ஓம் ஓம், என்று தலையாட்டிவிட்டாள். இன்று ஞாயிறு, மதியம் ஒரு மணிக்கு மகள் சாப்பிட வருவாள். சாப்பாடு பிடித்தால் வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்து வைப்பாள். அந்த ஒப்பந்தம் இல்லாமல் பெர்மெஸ்ஸோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வழியில்லை. அதனால்தான் மொண்டெல்லோ உணவகத்தில் சட்டி கழுவும் மச்சாளை, பூசை முடிந்த கையோடு துணைக்குக் கூட்டிவந்திருந்தாள்.

“எவ்வளவு நேரம் ஊறவேணும்?”

“வீடியோவிலை இருவது செக்கன் எண்டவை.”

“அதுக்கேன் மணிக்கூடு? ஒரு அருள் நிறைந்த மரியே காணும்.”

அனிற்றா கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். அவள் செபம் சொன்னால் அது திருநாள் ஊர்வலம் மாதிரி மெல்லத்தான் போகும். ஆமென் வந்தபோது தாள் கோப்பையின் அடியில் கூழாகக் கிடந்தது. இரண்டாவது தாளை அவசரமாக எடுத்தார்கள். அது மேசையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்றாவது அனிற்றாவின் முழங்கையோடு ஒட்டிக்கொண்டு போனது.

அந்த நேரம் பார்த்துச் சிஞ்ஞோரா மணியை அடித்தார். “மச்சாள், ஒண்டையும் தொடாதேங்கோ. குளிசை குடுத்திட்டு வாறன்” என்று அமலினி ஓடினாள்.

குளிசையை விழுங்கிய சிஞ்ஞோரா மூக்கை உறிஞ்சினார். மறுபடி உறிஞ்சினார். பிறகு, மூன்று மாதமாக ஆள் பிடிக்காமல் எழும்பாத மனுசி, கைத்தடியைக்கூட எடுக்காமல் சமையலறைக்கு நடந்தார்.

அங்கே பெரிய தாச்சியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துத் தட்டில் மிச்சமிருந்த பதினேழு தாள்களும் வெள்ளை வெளேரென்று பொங்கிக் கோபுரமாக நின்றன.

“நான் சொன்னனான் அல்லோ,” என்றாள் அனிற்றா வெற்றியோடு, “அப்பளம்!”

அமலினி தாள் வந்த பையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தாள். சுற்றுவதற்கு ஒரு தாள் மிச்சமில்லை. கடைக்கு ஓடவும் நேரமில்லை. சிஞ்ஞோராவோ கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒன்றை எடுத்து நொறுக்கினார். அந்தச் சத்தத்துக்கு அவரே கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவதில் இறாலை அள்ளிவைத்தார். மூன்றாவதுக்கு இறாலும் தேவைப்படவில்லை.

“மகளே,” என்றார் சிஞ்ஞோரா அமலினியைப் பார்த்து, இந்த ஏழு நாளில் முதல் தடவையாக. “எங்கே இருந்தாய் இவ்வளவு நாளும்?”

எட்டாவது உள்ளே போகும்போது வாசல் மணி அடித்தது. திறப்பு பூட்டுக்குள் திரும்பும் சத்தமும் கேட்டது. அனிற்றா தாச்சியைத் தூக்கிக்கொண்டு, அதை எங்கே ஒளிப்பதென்று தெரியாமல் ஒரே இடத்தில் சுற்றினாள்.

“அம்மா? என்ன இது, பொரியல் வாசம்?” நடையிலிருந்து மகளின் குரல் வந்தது.

அமலினி சிஞ்ஞோராவின் காலடியில் முழந்தாளிட்டு, எண்ணெய் பிசுபிசுத்த அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். சிஞ்ஞோராவின் இரண்டு கன்னங்களும் அப்பளத்தால் நிறைந்திருந்தன.

“சிஞ்ஞோரா, நீங்கள்தான் பொரிக்கச் சொன்னீர்கள் என்று மகளிடம் ஒரு வார்த்தை சொல்வீர்களா?”