சத்தம் போட்டு அழுதவன்

முத்துராமன் சைட்டில் வெறும் 'கம்பி'. கம்பி கட்டுகிறவர் என்பதால் ஃபோர்மேன் அப்படித்தான் கூப்பிடுவான். கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டால் மட்டும் அவர் 'வாத்தியார்'. துபாய் சோனாப்பூர் கேம்பிலிருந்து சைட்டுக்கு ஒரு மணி நேரம். அவ்வளவு நேரமும் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து, துப்பறியும் தில்லைநாயகம் நாவலைச் சத்தமாக வாசிப்பார். எத்தனை பேர் முண்டியடித்து ஏறினாலும் அந்த சீட்டை ஒருத்தனும் தொட மாட்டான். அதில் மனுஷனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

புத்தகமெல்லாம் ஊருக்கு லீவில் போகிறவர்கள் வாங்கி வருவது. இப்போது ஓடுவது தொண்ணூற்று நாலாவது. தொண்ணூற்று நாலும் ஒரே அச்சு. மூன்றாம் அத்தியாயத்தில் கரண்ட் போகும். "உண்மை தெரியும், போனில் சொல்ல முடியாது, உடனே வாங்க" என்று ஒருத்தர் கூப்பிடுவார். தில்லைநாயகம் போய்ச் சேருவதற்குள் செத்திருப்பார். கடைசியில் எல்லாரையும் ஹாலில் உட்கார வைப்பார்கள். முதல் அத்தியாயத்துப் பிணத்தின் மேல் விழுந்து எவன் அதிகச் சத்தம் போட்டு அழுதானோ, அவன்தான் கொலைகாரன்.

இதெல்லாம் ஒரு குறையாக முத்துராமனுக்குத் தோன்றியதே இல்லை, யாழ்ப்பாணத்து எலக்ட்ரீஷியன் நிஷாந்தன் வந்து சேரும் வரை. பயல் நாலு புத்தகம் பேசாமல் கேட்டான். ஐந்தாவதாக வந்த இந்தத் தொண்ணூற்று நாலாவதில் கரண்ட் போனதுமே, "அண்ணை, மைத்துனன் சிங்காரம்தான். அவன்தானே கத்திக் கத்தி அழுதவன்" என்றான். பஸ்ஸே சிரித்தது.

முத்துராமனுக்குச் சுருக்கென்றது. இன்றைக்குச் சிரிப்பார்கள், நாளைக்கு 'போதும் வாத்தியாரே' என்பார்கள், மறுநாள் சீட் போகும். அப்புறம் பஸ்ஸிலும் கம்பிதான். விடுவேனா பார் என்று கறுவிக்கொண்டார்.

கடைசி அத்தியாயம் வாசித்த காலையில் கண் புத்தகத்தில் இருந்தது, வாய் அதன் இஷ்டத்துக்குப் போனது. "'கொலைகாரன் வேறு யாருமில்லை, நான்தான்' என்றார் தில்லைநாயகம்" என்று முடித்து, புத்தகத்தை மூடினார்.

கைதட்டுவார்கள் என்று காத்திருந்தார். பின்சீட்டிலிருந்து ராமையா மட்டும், "தில்லைநாயகமா கொன்னாரு?" என்று இழவு வீட்டில் விசாரிக்கிற மாதிரி கேட்டார். சைட் வந்ததும் இறங்கிப் போய்விட்டார்கள். மத்தியானம் சாப்பிடும்போதும் அவர் பக்கத்தில் ஆள் இல்லை.

சாயங்காலம் பஸ்ஸில் நிஷாந்தன் புத்தகத்தை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினான். "சிங்காரம் எண்டுதானே போட்டிருக்கு."

முத்துராமனுக்கு அவமானமாகப் போயிற்று. "நீதான் முன்னாடியே சொல்லிட்டியே தம்பி. தெரிஞ்ச கதையை எதுக்குக் கேக்கணும்?"

"தெரிஞ்சபடியாத்தான் கேக்கிறன் அண்ணை. நாளைக்கு எந்த சைட், எந்த கேம்ப், எப்ப லீவு, ஒண்டும் தெரியாது. எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சது இது ஒண்டுதான். அதையும் மாத்திப்போட்டியளே."

அன்றைக்குச் சிரித்தது தன்னைப் பார்த்து இல்லை என்று முத்துராமனுக்கு இப்போதுதான் மண்டையில் ஏறியது. புத்தகத்தை வாங்கி, கடைசி அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார். "கொலைகாரன் வேறு யாருமில்லை" என்ற இடத்தில் நிறுத்தினார்.

பஸ் முழுக்க ஒரே குரலில் சிங்காரம் என்றது. டிரைவர் பெஷாவர்க்காரன், தமிழில் ஒரு சொல் தெரியாது. அவனும் சொன்னான்.