மடியில் இருந்த பை

ஆதார் கார்டு காணாமல் போனால் என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேளுங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முதலில் ஸ்டேஷனில் புகார். அப்புறம் இ-சேவை மையம். அங்கே கைரேகை வைத்தால் பழைய எண்ணிலேயே புது கார்டு. இத்தனையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் ரம்யா. நன்றாக இருக்கட்டும் மகராசி.

எளாவூரில் அவள் தெருவும் எங்கள் தெருவும் அடுத்தடுத்து. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரே கம்பெனியில், ஒரே பேக்கிங் பிரிவில் இரண்டு பேரும் காண்டிராக்ட் ஆட்கள். காலை பஸ்ஸில் அவளுக்கு எப்படியோ சீட் கிடைத்துவிடும், எனக்குக் கிடைக்காது. நின்றுகொண்டு வருகிறவர்களின் பையை உட்கார்ந்திருப்பவர்கள் வாங்கி மடியில் வைத்துக்கொள்வார்கள். என் பை தினமும் ரம்யா மடியில்தான் வரும். அன்றைக்கு நாஷ்டா டப்பாவோடு, கேஸ் ஏஜென்சியில் காட்டுவதற்காக ஆதார் கார்டையும் அதில் போட்டிருந்தேன்.

மத்தியானம் பார்த்தால் கார்டு இல்லை. பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். என்னைவிட ரம்யாதான் அதிகமாகப் பதறினாள். கேண்டீன் மேசைக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினாள். அரை நாள் லீவு போட்டு என்கூடவே ஸ்டேஷனுக்கு வந்தாள். வழியில் ஒரு யோசனையும் சொன்னாள்.

"திருடு போச்சுன்னு சொல்லிடாதடி. எங்க, எப்போ, யாருன்னு நோண்டிக்கினே இருப்பாங்க, பேஜாரு. தொலைஞ்சி போச்சுன்னு எழுது, சட்டுனு முடிஞ்சிடும்."

ஊரே சொல்கிற யோசனைதான், எனக்குத் தப்பாகப் படவில்லை. பை கையைவிட்டு எங்கேயாவது போனதா, யார் மேலாவது சந்தேகம் உண்டா என்று ஏட்டையா கேட்டார். பை என் சிநேகிதி மடியில்தான் இருந்தது சார், அங்கிருந்து ஒரு குண்டூசிகூடப் போகாது என்று நான் பெருமையாகச் சொன்னேன். ரம்யா பக்கத்தில் நின்று தலையாட்டினாள்.

புது கார்டு வந்தது. நானும் அதை மறந்துவிட்டேன்.

ஆடி கழிந்ததும் கம்பெனியில் சிலரைப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள். பட்டியலில் என் பெயர் இருந்தது. கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, காய்ச்சலோடு எல்லாம் போய் நின்று நான் காத்திருந்தது இதற்குத்தான். அம்மா கோயிலுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

அடுத்த வாரமே எச்.ஆர். இம்மானுவேல் சார் கூப்பிட்டு அனுப்பினார். அவர் முகமே சரியில்லை.

"ஏம்மா சத்யா, நீ இன்னொரு கம்பெனியிலயும் வேலை பார்க்கிறியா?"

என் பெயரில், என் ஆதார் எண்ணில், பக்கத்திலேயே அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனியிலிருந்தும் மாதாமாதம் பி.எஃப். ஏறுகிறதாம். வெள்ளிக்கிழமைக்குள் இதைச் சரிசெய்யாவிட்டால் என் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்றார். ஓடிப்போய்ப் பழைய புகாரைக் கொண்டுவந்து காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார். தொலைந்தது என்றுதானே எழுதியிருக்கிறாய், நீயே யாரிடமாவது கொடுத்திருந்தாலும் இப்படித்தானே எழுதுவாய் என்று கேட்டார்.

ரம்யாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு வீண் கவலை என்று நினைத்தேன், அவ்வளவு பெரிய அறிவாளி நான். ஷிப்ட் முடிந்ததும் தனியாக அந்தக் கம்பெனி கேட்டில் போய் நின்று, சத்யா என்று யாராவது உண்டா என்று செக்யூரிட்டியிடம் கேட்டேன். இதோ வருகிறதே என்று கை காட்டினார்.

வந்தது பூமிகா. ரம்யாவின் தங்கை. செவ்வாப்பேட்டையில் சித்தி வீட்டில் தங்கிப் பதினொன்றாவது படிக்கிறாள் என்று ரம்யா சொல்லிக்கொண்டிருந்த பெண். கழுத்தில் தொங்கிய அட்டையில் என் பெயர், என் பிறந்த தேதி. ஆதார் படத்தில் யார்தான் அவரவர் மாதிரி இருக்கிறார்கள், யாரும் சந்தேகப்படவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் துப்பட்டாவை இழுத்து அட்டையை மூடிக்கொண்டாள். அடிக்கத்தான் கை எழுந்தது. குழந்தை முகம், முடியவில்லை.

நேராக ரம்யா வீட்டுக்குப் போனேன். அவள் மறுக்கவே இல்லை. வீட்டில் ஒரு சம்பளம் எந்த மூலைக்கு, பூமிகாவுக்குப் பதினெட்டு ஆனதும் அவள் கார்டிலேயே மாற்றிக்கொள்வோம் என்றாள்.

"உன்கிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்பியாடி?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவள் மடியில் என் பையே இருந்தது, பயப்படவில்லையே பாவி. என் பர்மனென்ட் என்ன ஆவது என்று கேட்டேன். அது அடுத்த வருஷமும் வரும், பிள்ளையை மாட்டிவிட்டுவிடாதே, தொலைந்தது தொலைந்ததாகவே இருக்கட்டும் என்றாள். கார்டை எடுத்ததைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேன். எடுத்து வைத்துக்கொண்டே மேசைக்கு அடியில் குனிந்து தேடினாளே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குத் தனியாகப் போனேன். பஸ்ஸில் ஒரு அம்மாள் பையைக் கேட்டுக் கை நீட்டினாள். வேண்டாம் என்று தோளிலேயே மாட்டிக்கொண்டு நின்றேன். அதே ஏட்டையா. தொலைந்ததா, திருடா என்று கேட்டார். திருடு என்றேன். யார் மேல் சந்தேகம் என்றார். பெயரைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னைக்கு உன்கூட வந்துச்சே, அந்தப் பொண்ணா?"

"அவதான் சார்."

அவள் போன் நம்பர் தெரியுமா என்று கேட்டார். எனக்கு அம்மா நம்பரையே போனைப் பார்த்துத்தான் சொல்ல வரும். ரம்யா நம்பரைப் பார்க்காமலே சொன்னேன்.