சுருக்கென்னும் வெந்நீர்

1

எங்கள் கீசர் குழாயில் கை வைத்தால் சுருக்கென்று ஷாக் அடிக்கிறது. இந்தக் கதைக்கு வேறு காரணம் இல்லை. பிரசவம் முடிந்து அக்கா கிருஷ்ணப்பிரியா பட்டாபிராமுக்கு, எங்கள் வீட்டுக்கு, வந்திருக்கிறாள். இன்று குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்ட வேண்டும்.

முதல் வரி: எழிலரசி ஸ்குரூடிரைவரை எடுத்தபோது அவள் கை—

(வேண்டாம். கதைகளில் எல்லோருக்கும் கை நடுங்குகிறது.)

2

எழிலரசி நான் உண்டாக்கிய பெண். என்னைப் போல இயற்பியல் பட்டதாரி, என்னைவிடத் தைரியசாலி. மெக்கானிக்குக்குப் போன் செய்யக் கூசுகிறவள் கீசரைத் தானே கழற்றுவாளா? கழற்றுவாள். தெரியாதவரிடம் பேசுவதைவிட நான்கு ஸ்குரூ எளிது.

அம்மாவுக்கு என்மேல் சந்தேகமே இல்லை. "மூணு வருஷம் பிசிக்ஸ் படிச்சியே, இதுகூடத் தெரியாதா?"

கீழ்வீட்டு மோகன் அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு இன்னாத்துக்குமா ஆளு? அந்தப் பச்ச ஒயர வெட்டி வுட்டுடு. எங்க ஊட்ல அப்டித்தான் கீது. ஷாக்கே கெடையாது."

"சரிண்ணா" என்றேன்.

(எழிலரசி என்றால், "வேணாம்ணா, உங்க வீட்லயும் திரும்ப மாட்டிடுங்க" என்பாள். அந்த வசனத்தை இன்னும் அழிக்கவில்லை.)

3

அடிக்குறிப்பாக வந்திருக்க வேண்டியது: பச்சை ஒயர்தான் எர்த். கட்டடம் முழுவதற்கும் ஒன்றே. அது மண்ணில் சரியாக இறங்காவிட்டால், எந்த வீட்டில் மின்சாரம் கசிந்தாலும் எங்கள் குழாயில் தெரியலாம். வெட்டினால் சுருக்கு நிற்கலாம். பிறகு எங்கள் கீசரே கசிந்தால், அந்த மின்சாரத்துக்கு மண்ணை அடைய ஓர் உடல்தான் வழி.

4

முதல் முடிவு: போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து வெடித்த, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை எழிலரசி மாற்றுகிறாள். சரியாகிவிட்டது.

'சரியாகிவிட்டது' என்று எழுதக் கதையில் ஒரு சொல் போதும். கசிவு எங்கள் வீட்டிலா, வேறு வீட்டிலா என்பதே எனக்குத் தெரியாது. அந்த ஒரு சொல்லை நம்பிக் குழந்தையை எப்படிக் கொடுப்பது?

இரண்டாவது முடிவு: அவள் போன் செய்கிறாள். "ஹலோ, எங்க வீட்டு கீசர்ல…"

(இதற்குமேல் அவளும் பேசவில்லை.)

"என்னடி, ஆச்சா இல்லையா?" அம்மா கதவருகில் நிற்கிறாள்.

இரண்டு முடிவுகளில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். குளிக்கப் போவது உங்கள் குழந்தை என்று நினைத்துக்கொண்டு எடுங்கள். எனக்கு நேரமில்லை. அம்மாவுக்குத் தோள்வலி, வெந்நீர் அண்டாவைத் தூக்க முடியாது. கீசர் சுவிட்சை அணைத்து அதன்மேல் டேப் ஒட்டிவிட்டேன். அடுப்பில் வெந்நீர் வைக்கப் போகிறேன்.