கம்பளி நூல் கட்டிய இலை

1

இந்தக் கதை என் நாட்குறிப்பிலிருந்து வந்தது. பன்னிரண்டு பக்கங்களில் ஒரே வரி: 'இன்றும் இலைகளைத் தொட்டுப் பார்த்தேன்.' மயிலாப்பூரில் நான் போகும் மாலைநேரக் கதை வகுப்பில் அதை வாசித்தேன். வேறு ஒருத்திக்கு நடந்ததாக எழுதிப் பாருங்கள் என்றார்கள். சரி, இனி அவள் பெயர் ஹம்சினி. அவள் செய்த தவறை அவளே பார்த்துக்கொள்ளட்டும். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

2

முதல் தொடக்கம்: 'காற்றில் மக்காச்சோள இலைகள் சலசலத்தன. ஹம்சினியின் மனமும்—'

வேண்டாம். அவள் மனம் சலசலக்கவில்லை. பட்டியல் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தொடக்கம்: அடையாற்றில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பின்புறம், அரை கிரவுண்டு நிலத்தில் நாற்பது மக்காச்சோளச் செடிகள் நின்றன. வரிசைக்கு நடுவே நான்கு சக்கர வண்டி ஒன்று தானாகவே போகும். செடிக்குச் செடி நிற்கும். அதன் கை நீண்டு, இரண்டு விரல்களால் ஓர் இலையைப் பிடித்து, ஒரு தட்டின்மேல் விரிக்கும். விளக்கு எரியும். படம் எடுத்துவிட்டு இலையை விட்டுவிடும். மறுநாளும் அதே இலை. எவ்வளவு வளர்ந்தது, எப்போது வாடத் தொடங்கியது எல்லாம் படத்தில் தெரிந்துவிடும்.

(இது கதை மாதிரி இல்லை, கையேடு மாதிரி இருக்கிறது. ஆனால் இது தெரியாமல் மேலே போக முடியாது.)

அந்த விரல்களைச் செய்தவன் நதீம். ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த டெக்னீஷியன். இலைக்கு நோகாத துணி தேடி ரங்கநாதன் தெருவில் நான்கு சனிக்கிழமைகள் அலைந்தான்.

"லைனிங் துணிக் கடையில, இன்னும் சாஃப்ட்டா காட்டுங்கன்னேன். 'யாருக்கு நைனா பிளவுஸு?'ன்னாரு. சோளத்துக்குன்னேன். அத்தோட அடுத்த கஸ்டமராண்ட போய்ட்டாரு."

3

வண்டி பிடிப்பதால் இலைக்குக் காயம் ஆகிறதா? அதைச் சோதிக்கும் வேலை ஹம்சினியுடையது.

செடிக்கு இரண்டு இலைகளைத் தேர்ந்தெடுத்தாள். ஒன்றை வண்டி தினமும் பிடிக்க வேண்டும். மற்றொன்றில் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டினாள்: அதை யாரும், எதுவும் தொடக்கூடாது. பன்னிரண்டு நாள் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால் போதும்.

பன்னிரண்டாம் நாள், நூல் கட்டிய இலைகள் பளிச்சென்று இருந்தன. நூல் கட்டாதவற்றில், அடியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, குறுக்கே ஒரு பழுப்புக் கோடு. நாற்பதிலும்.

திட்டத் தலைவர் மதிவாணன் கண்ணாடியைக் கழற்றினார். "கை வேண்டாம்மா. திங்கட்கிழமை கழட்டிடலாம். மேலேர்ந்து போட்டோ எடுத்தா போதும்."

கை போனால் நதீமுக்கு அங்கே வேலை இல்லை. ஒப்பந்தம் நீளாது. அவன் வாதாடவில்லை.

"கோடு கண்ணுக்கு நேரா கீது. நான் இன்னா சொல்றது?" என்றான். பிறகு, மாற்று விரல் ஒன்றை டிராயரிலிருந்து எடுத்துத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தான்.

(மதிவாணனைக் கொடுமைக்காரராக எழுதிப் பார்த்தேன். மேசையை ஓங்கித் தட்டினார். எடுபடவில்லை. அந்த இலைகளைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.)

4

ஞாயிறு மதியம் ஹம்சினி வீட்டில் உட்கார்ந்து அறிக்கைக்காகப் படங்களை அடுக்கினாள். நானூற்று எண்பது படங்கள். முப்பத்தேழாவதில், கீழ் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி. திரையில் அழுக்கு என்று நினைத்துத் துப்பட்டா நுனியால் துடைத்தாள். போகவில்லை. அடுத்த படத்திலும், கடைசிப் படம் வரையிலும் இருந்தது. ஏற்கெனவே தாண்டி வந்த முப்பத்தாறிலும்.

கம்பளி நூல்.

வண்டி பன்னிரண்டு நாளும் நூல் கட்டிய இலைகளைத்தான் பிடித்திருக்கிறது!

ஏன் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன், மொட்டைமாடித் தொட்டிச் செடிகளில் வண்டிக்கு இலை பிடிக்கப் பழக்கியவள் அவள்தான். 'இதைப் பிடி' என்பதற்கு அடையாளமாக அன்று இலைக்கு இலை நூல் கட்டினாள். நிலத்துக்கு வந்ததும் அதே நூற்கண்டை எடுத்து, 'இதைத் தொடாதே' என்பதற்குக் கட்டினாள். அர்த்தம் மாறியதை வண்டிக்கு யாரும் சொல்லவில்லை.

அப்படியானால் நதீமின் விரல்கள் பட்டவைதான் அந்தப் பளிச்சென்ற இலைகள். ஹம்சினி ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சு விடாமல் குடித்தாள். மார்பில் மூன்று நாளாக உட்கார்ந்திருந்தது எழுந்து போயிற்று.

பாதி தூரம்தான் போயிற்று. மற்ற இலைகளில் கோடு போட்டது யார்?

நாட்குறிப்பைத் திறந்தாள். 'இன்றும் இலைகளைத் தொட்டுப் பார்த்தேன்.' காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. காயம் வருகிறதா என்று கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். நூல் கட்டியவற்றை மட்டும் தொடமாட்டாள். அவற்றைத் தொடக்கூடாதே.

5

திங்கள் காலை அவள் போனபோது நதீம் ஒரு ஸ்க்ரூவைக் கழற்றியிருந்தான்.

"அதைத் திரும்பப் போடு."

"இன்னாது?"

"வண்டி இல்ல நதீம். நான்தான்."

படங்களைக் காட்டினாள். பிறகு ஓர் இலையில் விரல்களை வைத்துக் காட்டினாள். கோடு கட்டைவிரலின் கீழே அச்சாகப் பொருந்தியது.

மதிவாணன் சிவப்புப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். "அப்போ பன்னிரண்டு நாளா நாம டெஸ்ட் பண்ணது உன்னையாம்மா?"

"ஆமா சார்."

"ஃபெயில்." முதலில் சிரித்தவரும் அவர்தான். "கை இருக்கட்டும். நூலைப் பிரிச்சுட்டு, புது இலையில இன்னொரு பன்னிரண்டு நாள் ஓட்டுங்க. நீ வரப்புலேயே நில்லு."

நதீம் ஸ்க்ரூவைத் திரும்ப முடுக்கினான். தேவைக்கு மேல் இரண்டு சுற்று.

6

அதன்பின் நதீம் அவளிடம் என்ன சொன்னான்?

ஒன்று: டீ வாங்கிக் கொடுத்தான்.

இரண்டு: "என் விரலைச் சந்தேகப்பட்டே. உன் விரலை ஒரு நாளாவது—" என்று தொடங்கி, முடிக்கவில்லை.

மூன்று: "உனக்கும் கொஞ்சம் லைனிங் துணி வாங்கட்டா?"

நடந்தது எது என்று நாட்குறிப்பில் இருக்கிறது. ஆனால் இந்த மூன்றையும் எத்தனையோ முறை மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டேன். இப்போது எதைப் படித்தாலும் குறுக்கே ஒரு கோடு தெரிகிறது. ஸ்க்ரூ உள்ளே போய்விட்டது. எனக்கு அது போதும், நிம்மதியாகத் தூங்குகிறேன்.

இந்தக் கதை எழுதிய நோட்டை மூடி, மிச்சமிருந்த சிவப்பு நூலைச் சுற்றிக் கட்டிவிட்டேன். நான் தொடக்கூடாது. நீங்கள் தொடலாம்.