வெள்ளிக்கிழமையில் இல்லாத தலையிடி

சாய்ந்தமருதில் அந்தத் தெருவில் ஸம்ஸியாவுக்குத் தெரியாமல் ஒரு வீட்டிலும் மீன் பொரிய முடியாது. அடுத்த வீட்டு முஸ்பிறா வெளிநாட்டிலிருக்கும் புருஷனோடு போனில் கதைக்கும் நேரமாகப் பார்த்து, வேலியோரம் சட்டி கழுவ உட்காருவாள். கழுவின சட்டியையே திரும்பவும் கழுவுவாள்.

முஸ்பிறாவின் புருஷன் றிபாஸுக்கு அங்கே நிலக்கரியிலிருந்து வாயு எடுக்கும் ஆலையில் வேலை. நோன்பு தொடங்கிய கிழமையே முறைப்பாடும் தொடங்கிவிட்டது.

"தல வெடிக்குது புள்ள. படி ஏறினா கால் தள்ளாடுது."

முஸ்பிறா வாய் திறக்குமுன் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து ஸம்ஸியாவின் வைத்தியம் போனது: "அது தேத்தண்ணி குடிக்காத தலையிடி தம்பி! சஹர் சாப்பாட்டுக்கு ரெண்டு பேரீச்சம்பழம் கூடத் தின்னுங்க!"

"ஸம்ஸியா ராத்தாவும் போன் கோல்லதான் இருக்காவா?" என்று றிபாஸ் சிரித்தான்.

வெள்ளிக்கிழமை லீவு. "இண்டைக்கு நோவே இல்ல, நோன்பு பழகிட்டுது போல" என்றான். மறுநாள் வேலைக்குப் போனான். தலையிடி திரும்பியது, வாந்தியும் வந்தது.

"டொக்டர்ட்ட காட்டட்டா?"

"நோன்புதானே, கொஞ்சம் பொறுங்க" என்றாள் முஸ்பிறா.

நோன்புப் பெருநாளைக் காண அவன் இருக்கவில்லை. மாரடைப்பு என்று கம்பனி சொன்னது. ஊரும் அப்படியே சொன்னது. ஜனாஸாவை அங்கேயே அடக்கினார்கள்.

முஸ்பிறா வீட்டை விட்டு வெளியே வராமல் இத்தா இருந்தாள். ஸம்ஸியா கஞ்சியும், கூடவே நாலு கேள்வியும் கொண்டு போனாள். ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"அவரோட அறையில இருந்த சப்ரி, என்ட வாப்பாக்கு எல்லாம் சொல்லிட்டாராம் ராத்தா. குழாயால நஞ்சு வாயு கசிஞ்சிருக்கு. அதுக்கு மணமும் இல்லியாம். அது வந்தா கத்துறதுக்கு நெஞ்சில மாட்டுற பெட்டி ஒண்டு இருக்காம். சும்மா கத்தி வேலையக் கெடுக்குது எண்டு சுப்பர்வைசர் எல்லாத்தையும் வாங்கி மேசை லாச்சியில போட்டுப் பூட்டிட்டானாம்."

கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது.

"வெள்ளிக்கிழமையும் அவர் நோன்புதானே ராத்தா? நோன்பால எண்டா அண்டைக்கும் நொந்திருக்கோணுமே. நாம ரெண்டு பேரும் யோசிக்கல்லியே."

பேரீச்சம்பழ வைத்தியம் சொன்ன ஸம்ஸியா கஞ்சியைத் தள்ளிவைத்துவிட்டு முஸ்பிறாவுக்குக் கிட்டப் போய் உட்கார்ந்தாள்.

"பின் தெரு நஜ்லாட மாப்பிள்ள இன்பாஸும் அப்படியொரு ஆலையிலதான். எனக்கு வெளிய வரேலா. நீங்க எல்லா ஊட்டுக்கும் போவீங்களே. போங்க ராத்தா."

ஸம்ஸியா போனாள். வழியில் மூன்று வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டார்கள், ஒன்றிலும் நிற்கவில்லை. தெரு ஆச்சரியப்பட்டது.

நஜ்லா பெருநாளைக்கு மாவிடித்துக்கொண்டிருந்தாள். "தலையிடியா? ஓம் ராத்தா, இவருக்கும்தான். நோன்புதானே" என்று சிரித்தாள்.

"கோல் எடு."

"அவர் வேலையில..."

"எடு புள்ள!"

இன்பாஸின் குரலுக்குப் பின்னால் இயந்திரம் இரைந்தது. ஸம்ஸியா போனைப் பறித்தாள்.

"தம்பி, லீவு நாள்ளயும் தலையிடிக்குதா?"

"இல்லியே ராத்தா. இங்க வந்தாத்தான். ஏன், என்ன கதை?"

"வெளிய வாங்க தம்பி" என்றாள் ஸம்ஸியா. "கதையெல்லாம் பிறகு. முதல்ல வெளிய வாங்க."