புத்தம் புதுசு, பயன்படுத்தவே இல்லை

"அந்த வெள்ளை மினி பஸ்," என்றாள் ஸ்டெலியானா, டாக்ஸியின் கதவைச் சாத்துவதற்கு முன்பே. "கிராயோவா டவுனுக்குப் போறது. இப்பதான் பாலம் தாண்டுச்சு. புடிங்க."

டிரைவர் அவசரமில்லாமல் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். ஐம்பதைத் தாண்டிய பெண். வீட்டுச் செருப்பு. கோட்டின் ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது.

"வீட்டுக்காரர் ஓடிட்டாரா அக்கா?"

"துண்டு ஓடிடுச்சு."

"என்னது?"

"துண்டு, கோப்பை, தலையணை, கம்பளி. ரெண்டு அட்டைப்பெட்டி. நீங்க மொதல்ல மிதிங்க, சொல்றேன்."

மிதித்தான். ஓல்ட் ஆற்றுப் பாலத்தில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஸ்டெலியானா முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு லாரியையும் மனசுக்குள் திட்டினாள்.

எல்லாம் அந்தச் சின்ன அறையால் வந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள் என்று தகவல் வந்ததும் இத்தாலியிலிருந்து பஸ் பிடித்து வந்தாள் ஸ்டெலியானா. அங்கே பதினைந்து வருஷமாக அவளுக்கு வேலை, பிறத்தியார் வீட்டுக் கிழவர்களைக் கழுவித் துடைத்துச் சோறூட்டுவது. இப்போது இருக்கும் கிழவரின் மகள் தினமும் போன் போட்டு, எப்போது திரும்புவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்ப வேண்டுமென்றால் இங்கே அம்மாவைக் கழுவித் துடைக்க ஒருத்தி வேண்டும். ஒருத்தி கிடைத்தாள். அவள் தங்க அறை வேண்டும். அறையில் ஒரு அலமாரி, அலமாரி முழுக்கச் சாமான்.

எல்லாம் புதுசு. சூப்பர் மார்க்கெட் பைகளில், விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல். அம்மாவின் சுபாவம்தானே என்று நினைத்தாள். நல்லதையெல்லாம் உள்ளே வைத்துவிட்டு விளிம்பு உடைந்த கோப்பையில் காபி குடிக்கிறவள். போனில் விற்கலாம் என்று யாரோ சொன்னார்கள். ஸ்டெலியானாவுக்கு விற்றுப் பழக்கமில்லை. முதல் படத்தில் அவளுடைய கட்டைவிரல் விழுந்தது. இரண்டாவதில் அலமாரிக் கண்ணாடிக்குள் நைட்டியோடு அவளே நின்றாள். 'கண்ணாடிக்குள்ள நிக்கிறதும் விலைக்கா?' என்று ஒருவன் கேட்டிருந்தான். இன்னொருத்தி 'இருக்கா?' என்றாள், 'இருக்கு' என்று இவள் எழுதியதும் காணாமல் போனாள். கம்பளியைத் தெரியாமல் குழந்தைகள் பகுதியில் போட்டுவிட்டு, அதை எடுக்கத் தெரியாமல் அரை நாள் போனது. கடைசியில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி ஒரே படமாக எடுத்து, கீழே எழுதினாள்: 'புத்தம் புதுசு. பயன்படுத்தவே இல்லை. அம்மாவுக்குத் தேவையில்லை. மெழுகுவர்த்திகள் இலவசம்.'

இன்று காலையில் இலிங்கா என்ற பெண்ணிடமிருந்து பதில் வந்தது. 'எல்லாமே வேண்டும். பேரம் இல்லை. இன்றைக்கே பஸ்ஸில் போட்டு விடுங்கள்.' ஸ்டெலியானாவுக்குப் பெருமையாக இருந்தது. வியாபாரம் வந்துவிட்டது என்று நினைத்தாள். பெட்டிகளை மினி பஸ் டிரைவரிடம் ஒப்படைத்துவிட்டுப் படியேறும்போதுதான் எதிர்வீட்டு ஸம்ஃபீரா வழிமறித்தாள்.

"என்னம்மா, பெட்டி பெட்டியா எறங்குச்சு?"

"சின்ன ரூம் அலமாரி. சும்மா கெடந்த சாமான். வித்துட்டேன்."

"துண்டெல்லாமா? கோப்பையா? தலையணையுமா?" ஸம்ஃபீராவின் கை தானாகச் சிலுவை போட்டது. "அடிப்பாவி. மெழுகுவர்த்தியப் பாத்துமா தெரியல உனக்கு? சாவுக்கு எடுத்து வச்சதுடி அது. அடக்கத்தன்னைக்கு வர்றவங்களுக்குக் கையில கையில குடுக்கிறது. இங்க குடுத்தாதான் அங்க அவளுக்குக் கெடைக்கும். குடிக்கக் கோப்பை, தொடைக்கத் துண்டு. அதையும் வித்துட்டியா?"

தெரியாத வழக்கமில்லை. ஆனால் அவள் கண்ட கிழவிகள் அதையெல்லாம் மரப்பெட்டியில் துளசி போட்டு ரிப்பன் கட்டி வைப்பார்கள். சூப்பர் மார்க்கெட் பையில் யார் வைப்பார்கள்? அப்பாவின் அடக்கத்தையும் அவள் கண்டதில்லை. அப்போது இத்தாலியில் தங்குவதற்கான அனுமதிக் காகிதம் இல்லாமல் இருந்தாள். இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. போனில் யாரோ காட்டிய படத்தில் கூட்டத்தின் முதுகுதான் தெரிந்தது.

நாளை மதியம் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறாள். வந்ததும் அலமாரியைத் திறப்பாள்.

இதையெல்லாம் கேட்ட டாக்ஸி டிரைவர் ரேடியோவை அணைத்தான். லாரிகளை வெட்டி வெட்டி முந்தினான்.

கிராயோவா நிறுத்தத்துக்குள் அவர்கள் நுழைந்தபோது மினி பஸ்ஸின் பின்கதவு திறந்திருந்தது. கறுப்புத் தலைத்துணி கட்டிய ஒரு பெண் ஒரு பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, இரண்டாவதை மார்போடு அணைத்திருந்தாள். ஸ்டெலியானா ஓடிப்போய்ப் பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்தாள்.

"நான்தான் வித்தவ. தப்பு நடந்துடுச்சு. குடுத்துடுங்க, பணத்தத் திருப்பித் தர்றேன். மேலயும் தர்றேன்."

இலிங்கா விடவில்லை. இருவரும் பஸ் நிறுத்தத்தின் நடுவில் ஆளுக்கொரு பக்கமாகப் பெட்டியைப் பிடித்து நின்றார்கள். டிக்கெட் வரிசை முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது.

"எங்கம்மா நேத்து போயிட்டாங்க," என்றாள் இலிங்கா. "ஒரு கைக்குட்டைகூட எடுத்து வைக்கல. நாளைக்குக் காலைல அடக்கம். உங்க படத்தப் பாத்ததுமே இது என்னன்னு தெரிஞ்சுடுச்சு. யாரோ ஒருத்தி ஒண்ணு ஒண்ணா, பாத்துப் பாத்துச் சேத்திருக்கா."

"எங்கம்மாதான் சேத்தது."

"அம்மாவுக்குத் தேவையில்லைன்னு எழுதியிருந்தீங்களே." இலிங்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "செத்தப்புறம் புள்ளைங்க குடுக்காம வித்துட்டாங்கன்னு நெனச்சேன். அந்தம்மா பேரையும் ஜெபத்துல சேத்துச் சொல்லணும்னுகூட நெனச்சேன். உசுரோடயா இருக்காங்க?"

"இருக்காங்க."

"அப்ப உங்களுக்கு நேரமிருக்கு."

ஸ்டெலியானாவின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பெட்டியிலிருந்து நழுவின.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதல் ஆளாக நுழைந்தாள். துண்டு, கோப்பை, தலையணை, கம்பளி. மெழுகுவர்த்தியும். அதே நிறம் கிடைக்கவில்லை. கிடைத்ததை வாங்கி அதே வரிசையில் அடுக்கினாள். மதியம் ஆம்புலன்ஸ்காரர்கள் அம்மாவைக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார்த்திவிட்டுப் போனார்கள். அம்மா கைத்தடியைக் கேட்டாள். எங்கே போகிறாள் என்று கேட்கத் தேவையில்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துச் சின்ன அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். ரொம்ப நேரம் திறந்தே வைத்திருந்தாள்.

"இங்க இருந்தத யார் வாங்கினாங்க?"

பொய் ஒன்று தயாராக இருந்தது. வாய் வரை வந்து நின்றுவிட்டது.

"கிராயோவாவுல ஒரு பொம்பள. அவங்கம்மா செத்துட்டாங்க."

"அடக்கம் ஆயிடுச்சா?"

"இன்னைக்குக் காலைல."

"அப்ப கைமாறியாச்சு." அம்மா மேலே இருந்த துண்டை உருவினாள். திரும்பிச் சமையலறைக்கு நடந்தாள். குழாயைத் திறந்து, ஆஸ்பத்திரி வாசம் போகும்வரை கை கழுவினாள். புதுத் துண்டில் துடைக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, அத எடுக்காத. அது உனக்கு வச்சது. எல்லாமே திரும்ப வாங்கிட்டேன், எண்ணிக்கை கொறையாம."

"எனக்கா?" அம்மா விரல் விரலாகத் துடைத்தாள். "என்னோடத நான் எப்பவோ குடுத்தாச்சு. நான் பொறந்த ஊர்க் கோயில்ல, பாதிரியார வச்சு, நானே மெழுகுவர்த்தி ஏத்தி. இங்க யாருக்கும் சொல்லல. சொன்னா மக இல்லையான்னு கேப்பாங்க."

"உசுரோட இருக்கும்போதேவா?"

"செத்தப்புறம் குடுக்க யாரு இருக்கா? எஞ்சாவுச் சாப்பாட்ட நானே உக்காந்து சாப்ட்டேன். உப்பு கம்மி."

அடுத்த கேள்வியை ஸ்டெலியானா கேட்டிருக்க வேண்டாம். தெரு முனையில் ஏதோ கார் ஹாரன் அடித்தது. அது ஓயும்வரை காத்திருந்து கேட்டாள்.

"அப்ப அலமாரியில இருந்தது?"

"ஒனக்குக் கல்யாணமும் ஆகல, புள்ளையும் இல்ல. அங்க எவன் வீட்டுக் கட்டில்லயாவது செத்துக் கெடந்தா, ஒரு கோப்பை குடுக்க ஆளிருக்கா?" குரல் உயரவில்லை. "அது உன்னோடது ஸ்டெலா. பென்ஷன் வாங்குறப்பல்லாம் ஒண்ணு ஒண்ணா வாங்கிப் போட்டேன்."

சொல்லிவிட்டு, ஈரமான துண்டை நாலாக மடித்து, அடக்கத்தன்றைக்குக் கையில் கொடுப்பதுபோல மகளிடம் நீட்டினாள். ஸ்டெலியானா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.